நான்கு இலக்கத்தில் ஒரு நகர்த்தல்: அஞ்சலட்டையில் ஆடும் சிசிலியன்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஓர் அஞ்சலட்டை போகிறது. முகவரியில் 636601 என்ற பின்கோடு. செய்தி எழுதும் இடத்தில் 5254 என்ற எண் மட்டும். செஸ் ஆடுபவருக்கு அது போதும். வெள்ளை தன் ராஜாவுக்கு முன்னால் நிற்கும் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளிவிட்டது. இனி கறுப்பு பதில் எழுத வேண்டும். ஒரு நகர்த்தலுக்கு ஓர் அட்டை என்று, நேரில் சந்திக்காமலே மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில் ஆடுவதுதான் அஞ்சல்வழி செஸ். அதில் சிசிலியன் என்ற தொடக்கத்தை, அதாவது ஆட்டத்தின் முதல் நகர்த்தல்களின் ஒரு வரிசையை, ஆடுவது பற்றித்தான் இந்தக் கட்டுரை.

எண்களைப் படிக்கும் முறையை முதலில் பார்த்துவிடலாம். வெள்ளையின் பக்கம் உட்கார்ந்து பலகையைப் பாருங்கள். இடமிருந்து வலமாக எட்டு வரிசைகளுக்கு 1 முதல் 8 வரை எண் கொடுங்கள். கீழிருந்து மேலாகவும் அதேபோல. முதல் எண் இடமிருந்து எத்தனையாவது வரிசை, இரண்டாவது எண் கீழிருந்து எத்தனையாவது படி. ஆக ஒவ்வொரு கட்டத்துக்கும் ஈரிலக்கப் பெயர் கிடைத்துவிடும். புறப்படும் கட்டம், போய்ச் சேரும் கட்டம் இரண்டையும் ஒட்டி எழுதினால் ஒரு நகர்த்தல். 5254 என்றால் 52ஆம் கட்டத்திலிருந்து 54ஆம் கட்டத்துக்கு. இ4 என்று எழுதிப் பழகியவர்கள் 54 என்று படித்துக்கொள்ளுங்கள். எந்தக் காய் என்று எழுத வேண்டியதே இல்லை. அந்தக் கட்டத்தில் நிற்கும் காய் எதுவோ அது. ஆங்கிலத்தில் குதிரைக்கு ஓர் எழுத்து, ஜெர்மன் மொழியில் வேறோர் எழுத்து, ரஷ்ய மொழியில் எழுத்து வடிவமே வேறு. எண்ணுக்கு அந்தத் தொல்லை இல்லை. 1951இல் தொடங்கிய சர்வதேச அஞ்சல்வழி செஸ் கூட்டமைப்பு இந்த எண் முறையைத்தான் நாடுகளுக்கிடையே நடக்கும் ஆட்டங்களில் பயன்படுத்தியது. இந்தக் கட்டுரையிலும் அதையே பின்பற்றுகிறேன். பக்கத்தில் ஒரு பலகையை விரித்து, காய்களை நகர்த்திக்கொண்டே படித்தால்தான் இது மனதில் ஏறும்.

இந்த விளையாட்டுக்கு வயது அதிகம். 1824 முதல் 1828 வரை லண்டனும் எடின்பரோவும் கடிதம் வழியாக ஆடின; ஸ்காட்ச் ஆட்டம் என்ற தொடக்கத்துக்கு அந்தப் போட்டியால்தான் பெயர் வந்தது. 1834இல் பாரிசும் லண்டனும் ஆடிய அஞ்சல் போட்டியிலிருந்து பிரெஞ்சுத் தற்காப்பு என்ற பெயர் வந்தது. இரண்டாம் உலகப் போரின்போது, அட்டையில் இருப்பது நகர்த்தலா, உளவுச் செய்தியா என்று தணிக்கை அதிகாரிகள் சந்தேகப்பட்டதும் உண்டு.

இனி சிசிலியனுக்கு வருவோம். 5254 என்ற அட்டைக்குக் கறுப்பு 5755 என்று பதில் எழுதினால் இரண்டு சிப்பாய்களும் நேருக்கு நேர் நிற்கும். கண்ணாடியில் பார்ப்பதுபோல இரு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். கறுப்பு 3735 என்று எழுதினால் அது சிசிலியன் தற்காப்பு. 16ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே இத்தாலிய ஆட்டக்காரர்கள் இதைக் குறித்து வைத்திருக்கிறார்கள். நடுவில் நிற்கும் சிப்பாயை விட்டுவிட்டு மூன்றாம் வரிசைச் சிப்பாயை ஏன் தள்ள வேண்டும்? அந்தச் சிப்பாய் 44ஆம் கட்டத்தைக் காவல் காக்கிறது. வெள்ளை அங்கே சிப்பாயைக் கொண்டுவந்தால் கறுப்பு அதை வெட்டிவிடும்.

வெள்ளை பெரும்பாலும் அதற்குச் சம்மதித்தே ஆடுகிறது. வரிசை இது: 1. 5254 3735. 2. 7163 4746. 3. 4244 3544. 4. 6344 7866. 5. 2133. இங்கே சற்று நின்று பலகையைப் பாருங்கள். வெள்ளை நடுவிலிருந்து ஒரு சிப்பாயை இழந்திருக்கிறது. கறுப்பு இழந்தது மூன்றாம் வரிசைச் சிப்பாயை. ஆகவே நடுவில் கறுப்புக்கு இரண்டு சிப்பாய், வெள்ளைக்கு ஒன்று. மூன்றாம் வரிசையில் கறுப்பின் யானைக்கு வழி திறந்துவிட்டது. மறுபக்கம், வெள்ளையின் இரண்டு குதிரைகளும் வெளியே வந்து நல்ல இடத்தில் நிற்கின்றன. மந்திரிகளுக்கும் பாதை திறந்திருக்கிறது. கறுப்பிடம் ஒரே ஒரு குதிரைதான் வெளியே வந்திருக்கிறது.

ஒருவரிடம் இருக்கும் சொத்து மற்றவரிடம் இல்லை. ஆட்டம் நீண்டு, காய்கள் குறைந்து, கடைசிக் கட்டத்துக்குப் போனால் நடுச் சிப்பாய்களை வைத்திருக்கும் கறுப்புக்குத் தெம்பு. அதனால் வெள்ளை சீக்கிரமே தாக்கியாக வேண்டும். தாக்க வருகிறது என்று தெரிந்த கறுப்பும் சும்மா இருக்க முடியாது. மறுபுறம் ராணிப் பக்கத்தில் தன் தாக்குதலைத் தொடங்கியாக வேண்டும். இப்படி இருவரும் வெவ்வேறு பக்கம் ஓடுவதால், யார் ஒரு நகர்த்தல் முந்துகிறார் என்பதே முடிவைத் தீர்மானிக்கிறது. கூர்மையான ஆட்டம் என்று செஸ் ஆடுபவர்கள் சொல்வது இதைத்தான். அமைதியான நிலையில் ஒரு சுமாரான நகர்த்தல் ஆடினால் கொஞ்சம் பின்தங்குவோம், பிறகு சரிசெய்துகொள்ளலாம். கூர்மையான நிலையில் அதே சுமாரான நகர்த்தல் ஆட்டத்தையே முடித்துவிடும். ஏற்காட்டு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் எந்த ஓட்டுநரும் கியரைக் குறைத்து, வேகத்தைத் தணித்துத்தான் திரும்புவார். கூர்மையான சிசிலியனையும் அப்படித்தான் ஆட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதற்கு அஞ்சல்வழி ஆட்டத்தைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை.

தொடக்கநிலை மாணவர்களைச் சிசிலியன் பக்கம் போகவிடக் கூடாது என்று பல பயிற்சியாளர்கள் சொல்வார்கள். 5 நிமிடக் கடிகாரத்தில் ஆடும் பிள்ளைகளுக்கு அது சரியான அறிவுரை. மனப்பாடம் செய்த பத்து நகர்த்தல் முடிந்ததும் அவர்கள் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் ஆகிவிடுகிறார்கள். ஆனால் ஒரு நகர்த்தலுக்கு நாட்கணக்கில் யோசிக்க முடியும் என்றால், புத்தகத்தைத் திறந்து பார்க்கவும், பலகையில் காய்களை நகர்த்திச் சோதிக்கவும் அனுமதி இருந்தால், மனப்பாடத்துக்கு வேலையே இல்லை. அப்போது கூர்மையான தொடக்கமே நல்ல ஆசிரியர். ஏனெனில் அதில் எந்த நகர்த்தலுக்கும் காரணம் இருக்கிறது, அந்தக் காரணத்தை உட்கார்ந்து கண்டுபிடித்துவிட முடியும்.

5ஆம் நகர்த்தலில் கறுப்பு 1716 என்று எழுதினால் அது நைடார்ஃப். மிகேல் நைடார்ஃப் போலந்துக்காரர். 1939இல் பியூனஸ் அயர்ஸ் நகரில் செஸ் ஒலிம்பியாட் நடந்துகொண்டிருந்தபோது போர் மூண்டது; அவர் ஊர் திரும்பாமல் அர்ஜெண்டினாவிலேயே தங்கிவிட்டார். போலந்தில் விட்டு வந்த குடும்பத்தைப் போர் விழுங்கியது. 1947இல் சாவோ பாவ்லோ நகரில் 45 பலகைகளைப் பார்க்காமலே ஒரே நேரத்தில் ஆடினார். அந்தச் செய்தி உலகச் செய்தித்தாள்களில் வந்து, உறவினர் யாராவது உயிரோடிருந்தால் அவர்கள் கண்ணில் படாதா என்ற ஆசையில்தான் இப்படிப்பட்ட சாதனைகளில் இறங்கினார். அவர் பெயரைத் தாங்கிய இந்தச் சின்ன நகர்த்தலைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அது நினைவுக்கு வரும்.

1716 என்ன செய்கிறது? ஒரு சிப்பாய் ஒரு கட்டம் நகர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் வெள்ளையின் குதிரையோ மந்திரியோ இனி 25ஆம் கட்டத்தில் வந்து உட்கார முடியாது. பிறகு வசதிப்பட்டால் கறுப்பு அதே 25இல் சிப்பாயைக் கொண்டுவந்து ராணிப் பக்கம் முன்னேறலாம். வெள்ளையின் கடுமையான பதில் 6. 3175. மந்திரி 66இல் நிற்கும் குதிரையைக் குறிவைக்கிறது. கறுப்பு 5756. பின்பு வெள்ளை 7. 6264. அடுத்து 54 சிப்பாயை 55க்குத் தள்ளிக் குதிரையை விரட்டும் எண்ணம். இந்த இடத்தில் கறுப்பு ராணியை வெளியே எடுக்கிறது: 4826.

இப்போது ராணி 22ஆம் கட்டத்துச் சிப்பாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. அந்தச் சிப்பாயை முன்பு காத்துக்கொண்டிருந்தது 31இல் இருந்த மந்திரி. அது 75க்குப் போய்விட்டதால் காவல் போய்விட்டது. வெள்ளை காக்க முனையாமல் 8. 4142 என்று ராணியை நகர்த்துகிறது. எடுத்துக்கொள் என்கிறது. கறுப்பு எடுக்கிறது: 2622. வெள்ளை 9. 1121 என்று யானையால் ராணியைத் தாக்க, ராணி 2213 என்று ஒதுங்குகிறது. உலகம் முழுக்க இதற்கு விஷச் சிப்பாய் என்றே பெயர்.

விஷம் எதில் இருக்கிறது என்று கணக்கிட்டுப் பாருங்கள். ஒரு சிப்பாய்க்காகக் கறுப்பு ராணியை மூன்று முறை நகர்த்தியிருக்கிறது. இந்த நிலையில் வெள்ளையின் இரண்டு குதிரை, ஒரு மந்திரி, ராணி, ஒரு யானை ஆகியவை வேலையில் இறங்கிவிட்டன. கறுப்புக்கு வெளியே இருப்பவை ஒரு குதிரையும், தனியாக ஒரு மூலைக்குப் போய்விட்ட ராணியும் மட்டுமே. ராஜா இன்னும் 58இலேயே நிற்கிறது. ஒரு சிப்பாய் அதிகம் என்பது நிலையான லாபம். காய்களின் முன்னேற்றம் தற்காலிக லாபம். வெள்ளை அந்தத் தற்காலிக லாபத்தை உடனே செலவு செய்தாக வேண்டும்.

ஏற்காட்டில் காபித் தோட்டம் ஒன்றில் கணக்கு எழுதும் என் மாமாவோடு இந்தத் தொடக்கத்தை ஆடியபோது, 7ஆம் நகர்த்தல் வரை எல்லாம் இதே வரிசையில் வந்தது. எட்டாவது அட்டையில் அவர் எழுதியிருந்தார்: "மாப்பிள்ளை, பூ மழை பெய்துவிட்டது, தோட்டம் முழுக்க வெள்ளை. 1213." ராணியை 42க்கு நகர்த்துவதற்குப் பதிலாக, ஓரத்துச் சிப்பாயை ஒரே கட்டம் தள்ளியிருக்கிறார். 22 இன்னும் காவலில்லாமல்தான் நிற்கிறது. வேக ஆட்டம் என்றால் பலர் யோசிக்காமல் எடுத்துவிடுவார்கள். எடுத்தால் என்ன ஆகும்? 2622, அதற்கு வெள்ளை 3314. குதிரை 33இலிருந்து 14க்கு வந்து ராணியைத் தாக்குகிறது. இனி ராணி போகக்கூடிய ஒவ்வொரு கட்டமாகப் பாருங்கள். 13இல் இப்போது வெள்ளைச் சிப்பாய் நிற்கிறது; அதை வெட்டினால் 11இல் இருக்கும் யானை ராணியை எடுத்துவிடும். 12க்குப் போனாலும் அதே யானை. 11இல் யானையையே வெட்டினால், 41இல் இருக்கும் வெள்ளை ராணி திருப்பி எடுக்கும். 44இல் குதிரையை வெட்டினாலும் அதே ராணி. 33க்குப் போய்ச் செக் கொடுக்கலாம். 14இல் இருக்கும் குதிரை திரும்பி வந்து வெட்டும். 24க்குப் போனால் சிப்பாய், 26க்குத் திரும்ப நினைத்தால் மறுபடி அந்தக் குதிரை. மற்றக் கட்டங்களும் இப்படித்தான். ராணிக்குத் தப்ப வழியே இல்லை.

ஓரத்துச் சிப்பாய் 12இல் இருந்தால் 13 காலியாக இருக்கும், ராணி அங்கே போய்த் தப்பிவிடும். சிப்பாய் 13இல் இருந்தால் ராணி செத்தது. ஒரு சிப்பாய், ஒரு கட்டம். கூர்மையான ஆட்டத்தைப் புரிந்துகொள்ள இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. மாமாவின் அட்டைக்கு நான் 2836 என்று இன்னொரு குதிரையை வெளியே எடுத்துப் பதில் எழுதினேன்.

விஷச் சிப்பாயின் மிகப் புகழ்பெற்ற ஆட்டம் கடிகாரம் வைத்து நேரில் ஆடியது. 1972இல் ரெய்க்யாவிக் நகரில் உலகச் சாம்பியன் போட்டி. பாபி ஃபிஷர் இந்தச் சிப்பாயை எடுப்பதில் பெரும் நம்பிக்கை கொண்டவர். 11ஆம் ஆட்டத்தில் எடுத்தார். அவரை எதிர்த்து வெள்ளையில் ஆடிய அப்போதைய சாம்பியன் போரிஸ் ஸ்பாஸ்கி 9ஆம் நகர்த்தலில் யானைக்குப் பதிலாக 4423 என்று குதிரையைப் பின்வாங்கினார். பிறகு 14ஆம் நகர்த்தலில் 33இல் நின்ற மற்றொரு குதிரையை, அது புறப்பட்ட 21ஆம் கட்டத்துக்கே திருப்பி அனுப்பினார். தாக்குபவர் குதிரையை வீட்டுக்கு அனுப்புவார் என்று யார் எதிர்பார்ப்பார்கள்? அந்தப் பின்வாங்கலிலிருந்து ஃபிஷரின் ராணிக்கு நெருக்கடி தொடங்கியது. பத்து நகர்த்தல் கழித்து அது சிக்கியது, ஆட்டமும் போயிற்று. போட்டியை ஃபிஷர்தான் வென்றார் என்றாலும் இந்த ஆட்டத்தை யாரும் மறக்கவில்லை.

விஷச் சிப்பாய் உண்மையிலேயே விஷமா என்ற கேள்விக்கு நேரடி ஆட்டத்தில் விடை காண்பது கடினம். ஒருவர் தோற்றால் சிப்பாயை எடுத்ததால் தோற்றாரா, களைப்பால் தோற்றாரா என்று சொல்ல முடியாது. அஞ்சல்வழி ஆட்டக்காரர்கள் பொறுமையாக ஒவ்வொரு கிளையையும் தோண்டினார்கள். உதாரணமாக, 9ஆம் நகர்த்தலுக்குப் பின் வரும் ஒரு பழைய போர்க்களம்: 10. 6465 2836. 11. 6556 6756. 12. 4436 2736. 13. 5455 4655. 14. 7566 7766. 15. 3354. பலகையில் சிப்பாய்களை எண்ணினால் கறுப்பிடம் ஆறு, வெள்ளையிடம் நான்கு. ஆனால் கறுப்பு ராஜாவைச் சுற்றி ஒழுங்கான மறைப்பு இல்லை. 54இல் வந்து நிற்கும் குதிரை 46ஐயும் 66ஐயும் ஒருசேர மிரட்டுகிறது. இங்கே கறுப்பு 1312 என்று மூன்றாவது சிப்பாயையும் எடுக்கலாம். அப்போதும் துல்லியமாக ஆடினால் தோற்பதில்லை. இந்தக் கிளையில் நல்ல ஆட்டங்கள் பலவும் வெள்ளை விடாமல் செக் கொடுக்க, சமனில் முடிகின்றன. ஒருவர் மூன்று சிப்பாய் அதிகம் வைத்திருக்கும்போது இன்னொருவர் தாக்குதலாலேயே அதை ஈடுகட்டுகிறார் என்பது எனக்கு இன்றும் வியப்பாகத்தான் இருக்கிறது.

அட்டையில் ஆடுவதற்கென்று சில வழக்கங்கள் உண்டு. சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு பஸ்ஸில் ஒரு மணி நேரப் பயணம். அட்டை போய்ச் சேர இரண்டு மூன்று நாள் ஆகும். ஆட்டம் சீக்கிரம் நகர வேண்டுமானால் நிபந்தனை நகர்த்தல் எழுதலாம். "3175. நீங்கள் 5756 என்றால் என் பதில் 6264" என்று ஒரே அட்டையில் எழுதிவிடலாம். எதிராளி சொன்னபடியே ஆடினால் நீங்கள் எழுதியது உங்களைக் கட்டுப்படுத்தும். வேறு ஏதாவது ஆடினால் நிபந்தனை காலாவதி. ஆனால் "எதை ஆடினாலும்" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அஞ்சல்வழி ஆட்டக்காரர்கள் வழிவழியாகச் சொல்லும் கதை ஒன்று உண்டு. வெள்ளை 4244 என்று தொடங்க, கறுப்பு "7776, பிறகு எதை ஆடினாலும் 6877" என்று எழுதினாராம். வெள்ளை யோசித்து 3186 என்று மந்திரியை நேராக எதிரியின் குதிரைக்கு முன்னால் கொண்டுபோய் வைத்தார். சாதாரணமாக அந்த மந்திரியைச் சும்மா எடுத்துவிடலாம். ஆனால் கறுப்பு 6877 என்று கைப்பட எழுதிக் கொடுத்துவிட்டார். அடுத்த நகர்த்தல் 8677: மந்திரி போயிற்று, மூலையில் யானையும் மாட்டிக்கொண்டது.

எண்ணை எழுதும்போது கவனமும் வேண்டும். விதிப்படி செல்லக்கூடிய நகர்த்தல் என்றால், கை தவறி எழுதியிருந்தாலும் அதுவே செல்லும், மாற்ற முடியாது. கோட்டை கட்டும்போது, அதாவது ராஜாவையும் யானையையும் ஒரே நகர்த்தலில் சேர்த்து நகர்த்தும்போது, ராஜாவின் நகர்வை மட்டும் எழுதினால் போதும்: வெள்ளை வலப்பக்கம் கட்டினால் 5171.

கம்ப்யூட்டரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சர்வதேசக் கூட்டமைப்பின் ஆட்டங்கள் இப்போது இணையச் சர்வரில் நடக்கின்றன. வழக்கமாக 10 நகர்த்தலுக்கு 50 நாள். அங்கே கம்ப்யூட்டர் உதவிக்குத் தடை இல்லை, அதனால் உயர்நிலையில் மிகப் பெரும்பாலான ஆட்டங்கள் சமனில் முடிகின்றன. லிசெஸ், செஸ்.காம் போன்ற தளங்களின் நாட்கணக்கு ஆட்டங்களில் தொடக்கப் புத்தகம் பார்க்கலாம், கம்ப்யூட்டரைக் கேட்கக் கூடாது. புதிதாகத் தொடங்குபவர்கள் இரண்டாவது வழியில்தான் போக வேண்டும். 13க்கும் 12க்கும் உள்ள வேறுபாட்டை நீங்களே கண்டுபிடிக்கும் மகிழ்ச்சியை இயந்திரத்துக்கு விட்டுக்கொடுக்காதீர்கள்.

தொடங்க ஒரு பலகை, ஒரு நோட்டு, 50 காசு அட்டைகள் கொஞ்சம், பொறுமையுள்ள ஒரு நண்பர் போதும். அட்டையில் நகர்த்தலின் வரிசை எண், எதிராளியின் கடைசி நகர்த்தல், உங்கள் பதில், அட்டை கிடைத்த தேதி, அனுப்பும் தேதி எல்லாம் இருக்கட்டும். ஒவ்வொரு நகர்த்தலுக்கும் பக்கத்தில், அதை ஏன் ஆடினீர்கள் என்று நோட்டில் ஒரு வரி எழுதுங்கள். ஆடி முடித்தபின் அந்த வரிகளைத்தான் முதலில் திரும்பப் படிக்க வேண்டும். அதற்கு முன்பு, 15. 3354 வரை மேலே சொன்ன நிலையைப் பலகையில் வையுங்கள். கறுப்பு 1312 என்று எடுத்தால், 21இல் நிற்கும் வெள்ளை யானை தாக்கப்படுகிறது. அந்த யானை எந்தக் கட்டத்துக்குப் போனால் தன்னையும் காத்து, எதிரி ராஜாவின் பக்கத்து வரிசையில் ராணியோடும் சேர்ந்து நிற்கும்? நான்கு இலக்கத்தில் எழுதுங்கள்.